குளிரில் வாழும் பிராணிக்கு நான் மூட்டிய நெருப்பு

1

எங்கள் சமையலறைத் தரையில் தனம் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஜன்னல், ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, மேஜை மேல் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி. இந்தப் பக்கம் கரி அடுப்பு, ஒரு நாற்காலி, நான். "கோட்டைத் தாண்டி வராதே நைனா, சும்மா சொல்லல" என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டு அவள் அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். பதினொரு வயசுப் பெண் சொன்னதற்காக நாற்பது வயசுக்காரன் நகராமல் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே இதை எழுதுகிறேன்.

சின்னராசு, விஜயா, உங்கள் கடிதம் வந்தது. "தனம் அக்கா நாலு காலு மீன் வளக்குதாமே, அது கடிக்குமா, இன்னா துன்னும், போன வருசம் சாவப் பொழைக்கக் கெடந்துச்சாமே, எழுதுங்க சித்தப்பா" என்று கேட்டிருக்கிறீர்கள். விஜயா பாதிக் கடிதத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதியிருக்கிறாள். பரவாயில்லை அம்மா. பாகாலா ரயில்வே ஷெட்டில் இஞ்சின் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்ற தெலுங்கு எனக்கு இருக்கிறது. மெதுவாய்ப் படித்துவிட்டேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். இதில் பிழை இருந்தால் வாத்தியாரிடம் காட்டிச் சிரிக்காதீர்கள்.

நான் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவனாய் இந்த லிவர்பூல் துறைமுகத்துக்கு வந்தது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். இப்போது ஒரு பெரிய சலவைச் சாலையில் பாய்லர் பார்க்கிறேன். வந்து பத்து வருஷமாக எனக்கு ஒரே வேலைதான்: சூடு இறங்காமல் பார்த்துக்கொள்வது. மீட்டர் முள் கொஞ்சம் இறங்கினாலும் மேலே இருந்து ஆள் வந்து கத்துவான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

அந்தப் பிராணி எங்கள் வீட்டுக்கு முதலில் வந்து நேற்றோடு ஒரு வருஷம். இந்த வருஷமும் வந்திருக்கிறது. அதனால்தான் கோடு.

2

அதன் பேர் ஆக்ஸலாட்டல். என் வாயில் இன்னும் சரியாய் நுழையவில்லை. உங்கள் சித்தி முனியம்மா அதைப் பல்லிக்குட்டி என்றே கூப்பிடுகிறாள். ஒரு சாண் நீளம். வெந்த இட்லி மாதிரி வெளுப்பு. முன்கால்களில் நாலு நாலு விரல், பின்கால்களில் அஞ்சு அஞ்சு. கண்ணுக்கு இமை கிடையாது. வாய் காதுவரைக்கும் கிழிந்திருப்பதால் எப்போதும் சிரிப்பது போலத் தெரியும். ஆனால் காது என்று ஒன்று இல்லை. கழுத்தின் ரெண்டு பக்கமும் மூணு மூணு ரோஸ் நிற இறகு நீட்டிக்கொண்டிருக்கும். அவை இறகு அல்ல, செவுள். மீனுக்கு உள்ளே மூடியிருப்பது இதற்கு வெளியே திறந்து கிடக்கிறது. மெக்சிகோ தேசத்தில் மலைமேல் இருக்கிற ஏரியில் பிறந்த சாதியாம். கால் ஒன்று போனால் விரலோடு புதுக்கால் முளைக்குமாம். தனம் இதைப் படித்துச் சொன்னபோது முனியம்மா, "மனுசனுக்கு அப்படி ஒரு வரம் குடுக்கல பாரு ஆண்டவன். இது இன்னா தவம் பண்ணுச்சோ" என்றாள்.

கடிக்காது சின்னராசு. பல் இருக்கிறது, அரிசி நொய் மாதிரி. மெல்லத் தெரியாது. வாயை 'டப்'பென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்ளும்.

அது தனத்தின் வகுப்புக்குச் சொந்தம். பிள்ளைகள் அதற்கு ஸ்னோ என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஸ்னோ என்றால் வானத்திலிருந்து கொட்டுகிற பனி. கிறிஸ்துமஸ் லீவில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவதால் யாராவது ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். டீச்சரம்மா போன வருஷம் தனத்தின் பேரைச் சொன்னார்கள். நோட்டுப் புத்தகம் சுத்தமாய் வைத்திருக்கிறாள் என்பதால்.

அப்போது ராபர்ட் என்று ஒரு பையன் பின் பெஞ்சிலிருந்து, "அவங்க வீட்டுக்குக் குடுக்காதீங்க டீச்சர், கறி வெச்சித் துன்னுடுவாங்க" என்றானாம். டீச்சரம்மா அவனைக் கண்டித்து மூலையில் நிற்க வைத்தார்கள். ஆனால் அதற்குள் வகுப்பு முழுக்கச் சிரித்து முடித்துவிட்டது.

தனம் இதை அழாமல் சொன்னாள், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "அதை உசுரோட திரும்பக் கொண்டும்போவணும்மா. அவ்ளோதான். செத்துப்போச்சின்னா நாம துன்னுட்டோம்னுதான் சொல்லுவாங்க. நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போமாட்டேன்."

டீச்சரம்மா ஒரு தாளில் சட்டம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் குளிர்ந்தே இருக்க வேண்டும், காய்ச்சல் பார்க்கிற பாரன்ஹீட் கணக்கில் அறுபத்தஞ்சு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துத்தான் மாற்ற வேண்டும். தொட்டியில் சின்னக் கல் கூடாது, விழுங்கிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மண்புழு, அல்லது பச்சை மாட்டுக்கறி நறுக்கிப் போட வேண்டும்.

மாட்டுக்கறி என்றதும் முனியம்மா, "என் கத்தியால அறுக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றுவிட்டாள். ஆகவே மண்புழு. தனம் பார்க்கில் தோண்டி ஒரு கோகோ டப்பாவில் மண்ணோடு சேர்த்து வைத்திருந்தாள். காலையும் மாலையும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணை நோட்டில் குறிப்பாள். அஞ்சு நாள் எல்லாம் ஒழுங்காய் நடந்தது.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. சிநேகிதி வீட்டில் பிறந்தநாள் என்று தனம் போனாள். மறுநாள் மத்தியானம்தான் வருவாள். "ஒண்ணுமே பண்ண வேணாம் நைனா. இன்னைக்கு அதுக்குச் சாப்பாடும் இல்ல. சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருக்கிறது எனக்கு வராது.

3

அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டிருந்தேன், நகரசபையிடம் வீடு கேட்டு மனுக் கொடுக்க. இந்த வீட்டில் ரெண்டே அறை, சுவரெல்லாம் ஈரம். ஆபீசில் ரெண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். வெளியே பனி. உள்ளேயும் ஜன்னல் பக்கத்து வரிசை, அதே குளிர்.

மேஜையில் இருந்தவர் எங்கள் மூணு பேர் காகிதத்தையும் பரப்பிப் பார்த்தார். என் காகிதத்தில் பிறந்த இடம் மதராஸ் மாகாணம். முனியம்மாவின் காகிதத்திலும் தனத்தின் காகிதத்திலும் ஆந்திர ராஜ்யம்.

"நீ ஒரு ராஜ்யம். உன் மனைவியும் மகளும் வேறு ராஜ்யம். எப்போது பிரிந்தீர்கள்?" என்று கேட்டார்.

"பிரியவில்லை ஐயா. நாங்கள் எல்லாம் ஒரே ஊர். அவள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு."

"பின்னே இது எப்படி?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆந்திரா தனியாய்ப் போன கதையை எப்படிச் சொல்வது? முனியம்மாவின் பாஸ்போர்ட்டுக்காக உங்கள் அப்பா அலைந்த அலைச்சல் ஞாபகம் வந்தது. சித்தூருக்குப் போனால் பைல் புதுத் தலைநகரம் கர்நூலுக்குப் போயிருக்கிறது என்பார்கள். கர்நூலுக்கு எழுதினால் பழைய பதிவெல்லாம் மதராசில் இருக்கிறது என்று பதில் வரும். அண்ணன் அப்போது எழுதினார், "தம்பி, நாம வீட்ல உக்காந்துகினே கீறோம், ஊருதான் நடமாடுது" என்று.

"ஊர் நகர்ந்தது ஐயா, நாங்கள் நகரவில்லை" என்றேன் அந்த மேஜைக்காரரிடம். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஊரிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் ஊர் எந்த ராஜ்யத்தில் இருக்கிறது என்று அதிலே எழுதியிருக்க வேண்டுமாம். அந்த வாரம்தான் அண்ணன் கடிதம் வந்திருந்தது: யாரோ வந்து தமிழ் பேசுகிற வீடு எத்தனை, தெலுங்கு பேசுகிற வீடு எத்தனை என்று கணக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், நம் வீட்டில் ரெண்டும் பேசுகிறோம், எதை எழுதினானோ தெரியவில்லை, ஊர் மறுபடியும் மதராசுக்கே போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று.

வீட்டுக்கு வரும்போது என் கைவிரல்கள் மரத்திருந்தன. சமையலறையில் அந்தப் பிராணி தொட்டியின் அடியில் அசையாமல் கிடந்தது. தொட்டியின் மேல் ஜன்னல் கண்ணாடியில் பனிப்பூ. தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தேன். ஐயோ என்றிருந்தது. இது உடம்பில் ஒரு துணி இல்லாமல் இதற்குள் கிடக்கிறதே.

பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பசுவின் பாட்டி கதை உங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒன்பது வயசு, அண்ணனுக்குப் பன்னிரண்டு. எங்கள் நைனா, உங்கள் தாத்தா, பலமனேர் சந்தையில் ஒரு சினை மாடு வாங்கினார். மூணு பேரும் அதை நடத்திக்கொண்டு மலை இறங்கி வருகிற வழியில், கார்த்திகைத் தூறலில் அது கன்று போட்டுவிட்டது. கன்று நடுங்கி நடுங்கி, பிறகு நடுங்குவதையும் நிறுத்திவிட்டது. "அசையாமக் கெடந்தா போச்சி, நெருப்பு போடுங்கடா!" என்று நைனா கத்தினார். ஒரு களத்தில் கிடந்த வேர்க்கடலைத் தோலை வாரிக் கொண்டுவந்து குவித்து மூட்டினோம். நைனா தன் வேட்டியை அவிழ்த்து அதைப் போர்த்தினார். ஒரு மணி நேரத்தில் காதை ஆட்டியது. பிறகு எழுந்து நின்று மடியைத் தேடியது.

அசையாமல் கிடக்கிற உயிருக்கு நெருப்பு. எனக்கு அதுதான் தெரியும்.

"ஏம்மே, இது வெறைச்சிப்போச்சி பாரு" என்றேன்.

முனியம்மா எட்டிப் பார்த்தாள். "ஆமா, பாவம். பொண்ணு குளிர்லயே கெடக்கணும்னுச்சே?"

"வெள்ளைக்காரங்க குளிர்னு சொல்றது வேற. அவங்க பனியில கோட்டு இல்லாம பந்து ஆடறவங்க. எந்த உசுருக்குடி குளிரு புடிக்கும்?"

"அது சரி" என்றாள். ரெண்டு பேருமாய்த் தூக்கி அடுப்புக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தோம். முனியம்மா தன் பழைய கம்பளியைக் கண்ணாடியைச் சுற்றிக் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது எழுந்து தொட்டி முழுக்க இப்படியும் அப்படியும் நடந்தது. "பாத்தியா, உசுரு வந்துட்சி" என்று எனக்கு ஒரே பெருமை. அடுப்புக்கு இன்னும் ரெண்டு கை கரி போட்டேன்.

அது நடந்தது சந்தோஷத்தில் இல்லை, போக இடம் தேடி. அது எனக்குப் பிறகு தெரிந்தது.

4

காலையில் கம்பளியை அவிழ்த்தேன். அது மேலே மிதந்துகொண்டிருந்தது, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து. ரோஸ் செவுளெல்லாம் நிறம் வெளுத்து முன்பக்கம் மடங்கியிருந்தது. வால் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. ஒரு செவுளில் பாதி உதிர்ந்து தண்ணீரில் நூல் நூலாய்க் கிடந்தது.

நான் செய்த முதல் காரியத்தை எழுத வெட்கமாய் இருக்கிறது. எழுதாமல் போனால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. தொட்டியைத் தூக்கிப் பழைய இடத்தில் ஜன்னல் பக்கம் வைத்தேன். கம்பளியை மடித்துப் பெட்டியில் போட்டேன். ஸ்டூலைத் துடைத்தேன்.

மத்தியானம் தனம் வந்தாள். கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்த்தாள். தெர்மாமீட்டரை விட்டாள். எழுபத்தெட்டு.

"நைனா?"

"இன்னா கண்ணு?"

"இது இன்னா ஆச்சி?"

"தெரியலையே" என்றேன். முனியம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தனம் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் எனக்கு அடி. தெர்மாமீட்டரை உதறினாள், மறுபடி விட்டாள். மறுபடியும் எழுபத்தெட்டு. "ஜன்னல் கதவ நான்தான் இறுக்க மூடிட்டுப் போய்ட்டேன். காத்து வரல. என்னாலதான்" என்றாள். நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தாள். அழுகை இல்லை. எழுத்து மட்டும் பெரிசு பெரிசாய் வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ்தான், ஆனாலும் படிக்க முடிந்தது. வெப்பம் எழுபத்தெட்டு. என் தவறு.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் இந்த நோட்டை டீச்சரம்மா பார்ப்பார்கள். ராபர்ட் பார்ப்பான்.

"அதை அடி" என்றேன்.

"எதை?"

"அந்தக் கடைசி வரியை அடி கண்ணு. உன் தப்பு இல்ல. நான்தான் அடுப்புப் பக்கம் வெச்சேன். அது வெறைச்சிப்போச்சின்னு நெனச்சேன்."

முனியம்மா அங்கேயிருந்தே, "நானும்தான். கம்பளி நான் கட்டினேன்" என்றாள்.

தனம் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கம்பளியா!" என்று கத்தினாள். "அதுக்குப் பேரே பனின்னு வெச்சிருக்காங்க நைனா!" அதுதான் அவள் கடைசியாய்ப் பேசிய தமிழ். அதற்குப் பிறகு திங்கட்கிழமை வரைக்கும் எங்களிடம் இங்கிலீஷ் மட்டும்தான். இங்கே பிறந்து வளராத பெண், அஞ்சு வயசுக்கு மேல் வந்தவள், கோபம் வந்தால் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். நான் கூப்பிட்டாலும் எட்டாத தூரம் அது. கோபம் தீர்ந்தால் திரும்புவாள் என்று இருந்தேன். இந்தத் தடவை திரும்புவாளா என்று பயமாய் இருந்தது.

5

அவள் ஓடிப்போய் வெளியே கிடந்த பனியை ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள், தொட்டியில் கொட்டுவதற்கு.

அப்போதுதான் என் வேலை எனக்குக் கைகொடுத்தது. வாளியைப் பிடித்துக்கொண்டேன். "கொட்டாதே. சூடான பாய்லர்ல பச்சைத் தண்ணி வுட்டா வெடிச்சிப்போவும். ஏத்தறதும் மெதுவா, எறக்கறதும் மெதுவா. இது மட்டும் எனக்குத் தெரியும். இதுல என்னை நம்பு."

அவள் வாளியை விடவில்லை. நானும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கை தளர்ந்தது.

அடுப்பை அணைத்தோம். ஜன்னலைத் திறந்தோம். பால் பாட்டில்களில் பனியை அடைத்து மூடி, ஒவ்வொன்றாய்த் தொட்டியின் மூலையில் நிறுத்தினோம். ஒரு பாட்டில் உருகினால் அடுத்தது. மணிக்கு ரெண்டு டிகிரி, அதற்கு மேல் இறக்கவில்லை. நான் எண்ணைச் சொல்வேன், அவள் எழுதுவாள். எழுபத்தாறு. எழுபத்துநாலு. பாய்லர் வீட்டில் ஒன்பது வருஷமாய் முள் இறங்கிவிடக் கூடாதே என்று பார்த்தவன், முள் இறங்க வேண்டுமே என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுபத்தொன்றில் அது வாயைத் திறந்து மேலே காற்றை விழுங்கியது, பிறகு மல்லாந்துவிட்டது. தனம் என் கையைப் பிடித்தாள். உடனே விட்டுவிட்டாள்.

அறுபதுக்கு வரும்போது வீட்டில் எங்கள் மூச்சு புகையாய்த் தெரிந்தது. மூணு பேரும் இருக்கிற துணியெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சனிக்கிழமை முழுக்க அடுப்பு இல்லை. ரொட்டியும் பச்சைத் தண்ணீரும்தான். முனியம்மா போர்வைக்குள்ளிருந்து, "பல்லிக்குட்டிக்கு ஜொரம் வந்து நம்மள ஜன்னியில படுக்க வெக்கப்போவுது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எழுந்துபோய் ஒரு துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு ஷில்லிங் காசை முடிந்து ஏழுமலையான் படத்தில் கட்டினாள்.

"யாருக்கும்மா வேண்டிக்கினே?" என்றேன்.

"அதுக்குத்தான். முடி எறக்கறேன்னு வேண்டிக்கலாம்னா அதுக்கு முடி இல்ல. இருக்கிற எறக்கையும் உதிருது."

சனிக்கிழமை மாலை அது மெல்ல அடிக்கு இறங்கியது. நேராய் நின்றது. ஆனால் தனம் குச்சி நுனியில் புழுவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாப்பிட்டால்தான் பிழைக்கும். ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்தால் மிச்சப் புழுவும் செத்திருந்தது. நான் அடுப்பு எரித்த அன்று டப்பாவும் அடுப்புமேல் பலகையில்தான் இருந்திருக்கிறது.

வெளியே பூமி கல்லாய் உறைந்திருந்தது. பார்க்கில் மண்வெட்டி துள்ளி விழுந்தது. தனம் முனியம்மாவின் கத்தியைப் பார்த்தாள். முனியம்மாவும் அதைப் பார்த்தாள். பிறகு, "கறி வாங்கிக்கினு வா. நானே அறுக்கிறேன்" என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவதற்கு என்ன பாடு பட்டிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடை எல்லாம் மூடியிருந்தது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் சலவைச் சாலை முற்றத்தில் நீராவிக் குழாய் பூமிக்குள் போகிறது. அந்த வரிசையில் மட்டும் எந்தப் பனிக்காலத்திலும் பனி நிற்காது, கறுப்பாய் ஒரு பட்டை தெரியும். தனத்தைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். கேட்டில் இருந்த காவல்காரர், "லீவு நாளில் மண்வெட்டியோடு எங்கே? புதையலா?" என்றார். "புழு" என்றேன். "மீன் பிடிக்கவா, இந்தக் குளிரிலா? உங்கள் ஆட்களுக்குக் கிறுக்கு" என்று கதவைத் திறந்துவிட்டார்.

மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மண் புகைந்தது. கொழுத்த மண்புழு, கொத்தாய். தனம் முழங்காலிட்டுப் பொறுக்கினாள். டப்பா நிறைந்தது. ஆனால் வீட்டில் அந்தப் பிராணி அதையும் தொடவில்லை.

6

திங்கட்கிழமை எனாமல் வாளியில் அதை விட்டு, ஈரச்சாக்கைச் சுற்றி, மூடி போட்டுக் கொண்டுபோனோம். பஸ்ஸில் எல்லாரும் சூடான இடம் தேடி உள்ளே போனார்கள். நாங்கள் ரெண்டு பேரும் திறந்திருக்கிற பின்வாசல் பக்கத்தில் உட்கார்ந்தோம், வாளி என் மடியில். தனம் கோகோ டப்பாவை மார்போடு அணைத்திருந்தாள்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். வாளியைச் சுற்றி வந்து நின்றார்கள். முதலில் பார்த்தவன் ராபர்ட்தான். செம்பட்டை முடி, மூக்கில் சளி, உங்கள் வயசு. "ஒரு செவுளைக் காணோம்!" என்று கத்தினான். எல்லாரும் தனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரம்மா நோட்டை வாங்கிப் புரட்டி எழுபத்தெட்டில் நின்றார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அடித்த கோடு மட்டும்தான் இருந்தது. அவள் தன் தவறு என்றதை அடித்துவிட்டாள், ஆனால் என் பேரை எழுதவில்லை.

"இது எப்படி நடந்தது?" என்று டீச்சரம்மா கேட்டார்கள்.

தனம் தரையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதைப் பார்த்தேன். என்ன சொல்லப்போகிறாள் என்றும் எனக்குத் தெரிந்தது. நான் தொப்பியைக் கழற்றினேன். மேஜைக்காரருக்கு முன்னால் வராத இங்கிலீஷ் இங்கே எங்கிருந்து வரும்?

"ஷி நோ" என்றேன். "மீ. ஐ மேக் ஹாட்."

நெஞ்சைத் தட்டிக் காட்டி இன்னொரு தடவை சொன்னேன். "மீ."

டீச்சரம்மா நோட்டை மூடினார்கள். தனத்தின் கையிலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்து, "இந்தப் பனியில் இது எங்கே கிடைத்தது!" என்று ஆச்சரியப்பட்டு, ஒரு புழுவை எடுத்து அவளிடம் கொடுத்தார்கள். தனம் குச்சியில் மாட்டி வாளிக்குள் விட்டாள். புழு நெளிந்தது. அந்தப் பிராணி பார்த்துக்கொண்டே கிடந்தது. நாற்பது பிள்ளைகளும் வாளிமேல் குனிந்தார்கள். நான் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

'டப்.'

புழு இல்லை. குச்சி மட்டும் இருந்தது.

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலில் ராபர்ட் என்னை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் ஏமாந்த குரலில், "அப்போ அவங்க இதைத் துன்னவே இல்லையா?" என்றான். தனம் அவனைப் பார்த்துப் படபடவென்று ஏதோ சொன்னாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராபர்ட்டும் சிரித்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் சும்மா சிரித்து வைத்தேன்.

தனம் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். காலி வாளியை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

"நான் அவன்கிட்ட இன்னா சொன்னேன் தெரியுமா நைனா?"

தமிழ். மூணு நாளைக்கு அப்புறம்.

"இன்னா சொன்னே?"

"'எங்க நைனா வேவ மட்டும்தான் வெச்சாரு, துன்னல'ன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் அந்தப் பனியில் வாளியோடு நின்று, எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியாது. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

7

உதிர்ந்த செவுள் வசந்த காலத்துக்குள் முளைத்துவிட்டது. இந்த வருஷம் லீவுக்கு யார் வீடு என்று கேட்டபோது தனம் கையைத் தூக்கினாளாம். ராபர்ட்தான், "அவ வீட்டுக்கே குடுங்க டீச்சர், அவங்க அப்பாவுக்குத்தான் புழு இருக்கிற இடம் தெரியும்" என்றானாம்.

வீட்டு மனு இன்னும் நிற்கிறது. அண்ணன் எழுதுகிறார், நம் ஊர் எந்தப் பக்கம் என்று இன்னும் முடியவில்லை என்று. முடிந்ததும் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கமானாலும் சரி, கேட்டால் எதிர்வீடு என்றே சொல்லப்போகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு மஞ்சள் துணி வரும். அதில் ஒரு ஷில்லிங் முடிந்திருக்கிறது. ஒரு வருஷமாய் அனுப்ப மறந்து படத்திலேயே தொங்கியது. அப்பா உங்களைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது விஜயா தன் கையால் உண்டியலில் போட வேண்டும். யாருடைய வேண்டுதல் என்று யாராவது கேட்டால், ஸ்னோ என்று ஒரு பிள்ளை, குளிர் தேசத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வாசல் கதவு திறக்கிறது. வந்துவிட்டார்கள்.

தனம் மேலே போட்ட கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராய்த் தொட்டிக்குப் போய்த் தெர்மாமீட்டரை விட்டிருக்கிறாள். பார்க்கிறாள். என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நாற்காலி இருக்கிற இடத்தையும் பார்க்கிறாள்.

"அம்பத்தெட்டு" என்கிறாள். "நகரவே இல்லையா நைனா நீ?"

"நகரல."

ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து மண்டியிட்டு, தரையில் இருக்கிற கோட்டைத் துடைக்கிறாள். அழித்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. சாக்கட்டியை எடுத்து, ஒரு அடி அந்தப் பக்கம் தள்ளிப் புதுக்கோடு போடுகிறாள்.

"நாற்காலிய இங்க போட்டுக்கோ" என்கிறாள். "இங்கேர்ந்து பாத்தா, அது துன்றது தெரியும்."